போனில் டவர் சரியாகக் கிடைக்கவில்லையா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

டவர் ஒழுங்காகக் கிடைக்காத வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த அவதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமான அழைப்பு பாதியில் அறுந்துபோகும். வங்கியிலிருந்து வர வேண்டிய ஓடிபி நேரம் முடிந்த பிறகு வந்து சேரும். போன் கையிலேயே இருக்கும். கூப்பிட்டவருக்கோ 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று சொல்லியிருக்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது தொல்லையோடு நிற்பதில்லை, பயமாகவும் ஆகிவிடுகிறது.

பெரும்பாலோர் முதலில் போனை ஆஃப் செய்து ஆன் செய்கிறார்கள். சரியாகாவிட்டால் சிம்மை மாற்றுகிறார்கள், அப்புறம் போனையே மாற்றுகிறார்கள். சில சமயம் பலிக்கும். பல சமயம் பணம் போனதுதான் மிச்சம். காரணம், 'சிக்னல் சரியில்லை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லும் குறைக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, டவரின் அலை உங்கள் இடத்துக்குப் போதிய பலத்தோடு வந்து சேரவில்லை. இரண்டு, பலமாகத்தான் வருகிறது, ஆனால் வேறு டவர்களின் அலையோடு கலந்து குழம்பி வருகிறது. மூன்று, அலையில் குறையில்லை, அந்த டவரில் ஒரே நேரத்தில் ஆட்கள் அதிகம். நான்கு, போனிலோ சிம்மிலோ செட்டிங்ஸிலோ பிழை. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. முதல் கோளாறுக்கு உதவும் பூஸ்டர் மூன்றாவதற்கு ஒன்றும் செய்யாது. அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதி முழுக்கக் கண்டுபிடிக்கும் வேலைதான். அதற்குக் காசு எதுவும் ஆகாது.

முதல் படி: பாயின்ட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளுக்கு உலகப் பொதுவான அளவுகோல் கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் தாமே முடிவுசெய்கிறார்கள். 2010இல் ஐபோன் 4 வெளிவந்ததும், ஒரு விதமாகக் கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று புகார் கிளம்பியது. அப்போது, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே 'உன் போனில் நாலு பாயின்ட், என் போனில் ரெண்டுதான்' என்று ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

உண்மையான அளவு போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அதில் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெந்த்' என்ற இடத்தில் -97 டிபிஎம் (dBm, சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) என்பது போல ஓர் எண் இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் பேடில் *#*#4636#*#* என்று அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி கால் பட்டனைத் தட்டினால் ஃபீல்டு டெஸ்ட் பக்கம் வரும். அதில் ஆர்எஸ்ஆர்பி (RSRP, அதாவது சிக்னலின் பலத்தைச் சொல்லும் எண்) எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

எண்ணின் முன்னால் கழித்தல் குறி இருப்பதால், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜி, 5ஜி இரண்டுக்கும் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: -80 அல்லது அதைவிட மேலே என்றால் அருமை. -90 நல்லது. -100 வரை பேச்சுக்கு ஒரு குறையும் வராது. -110ஐத் தாண்டியதும் தொந்தரவு ஆரம்பிக்கும். -120ஐ ஒட்டிப் போனால் தொடர்பு நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2ஜி, 3ஜியில் காட்டும் எண் வேறு முறையில் அளக்கப்படுவது. அதை இதோடு ஒப்பிடாதீர்கள்.

இந்த அளவுகோல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஓடுவதில்லை என்பதை மனதில் வையுங்கள். 3 குறைந்தால் பலம் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. -90லிருந்து -110க்குப் போனால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. திரையில் ஒன்றோ இரண்டோ கோடுதான் குறைந்திருக்கும்!

இன்னொரு எண்ணையும் பாருங்கள். எஸ்ஐஎன்ஆர் (SINR) அல்லது எஸ்என்ஆர் (SNR) என்று இருக்கும். சிக்னல் எவ்வளவு பலம் என்பதை முதல் எண் சொல்கிறது. இரைச்சலுக்கு நடுவே அது எவ்வளவு தெளிவு என்பதை இது சொல்கிறது. கூட்டம் நிறைந்த அறையில் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் பேசினாலும் புரியாமல் போகிறதே, அந்த நிலைமைதான். 20க்கு மேல் இருந்தால் மிக நன்று. 10ஐ ஒட்டி இருந்தால் பரவாயில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் சிக்னலைவிட இரைச்சல் அதிகம். உங்கள் போன் இதைக் காட்டவில்லை என்றால் செல் தகவல் காட்டும் இலவச ஆப் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீடு முழுக்க ஒரு நடை

ஒரு தாளில் வீட்டின் அறைகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் ஓரம், நடு அறை, வழக்கமாக உட்காரும் அல்லது படுக்கும் இடம் என்று மூன்று இடத்தில் அளவு எடுங்கள். போனைக் கையில் இறுக்கிப் பிடிக்காமல் ஒரு ஸ்டூல் மேலோ நாற்காலி மேலோ வைத்து, அரை நிமிடம் காத்திருங்கள். எண் உடனே மாறாது. அவசரப்பட்டு நடந்துகொண்டே பார்த்தால், நீங்கள் எழுதுவது முந்தைய அறையின் கணக்காக இருக்கும். உங்கள் உடம்பும் அலையை மறைக்கும். அதனால் போனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

இப்படி ஒரு குறிப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்: மொட்டை மாடியில் -88, படுக்கையறை ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் -107, அதே ஜன்னலைத் திறந்துவிட்டால் -94, கட்டிலில் -113. இதைப் படிப்பது சுலபம். மாடியில் -88 வருகிறது என்றால் ஊருக்குள் சிக்னல் இருக்கிறது. டவர் மீது பழி இல்லை. ஜன்னலைத் திறந்ததும் 13 ஏறுகிறது என்றால் தடுப்பது கண்ணாடிதான். வெயிலின் சூட்டைத் தடுக்கப் புதிய கட்டடங்களில் போடும் கண்ணாடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது வெப்பத்தோடு சேர்த்து ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். சிலவகைக் கண்ணாடிகளில் 20 டெசிபலுக்கு மேல், அதாவது நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு, வெளியிலேயே நின்றுவிடுகிறது. கம்பி கட்டிய கான்கிரீட், உலோகத் தகடு போட்ட கூரை, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி எல்லாமே இதே வேலையைக் கூடவோ குறையவோ செய்பவை.

எந்த அலைவரிசையில் சிக்னல் வருகிறது என்பதும் முக்கியம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 2600, 3500 மெகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் சுவருக்கு முன் சோர்ந்துபோகும். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் 5ஜி வகைக்கு ஒரு சுவரே போதும், நின்றுவிடும். தெருவில் பறக்கும் 5ஜி வீட்டுக்குள் வந்ததும் முடங்குவது இதனால்தான்.

காலையில் ஒருமுறை, இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒருமுறை இதே நடையை நடந்து எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இணைய வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு இந்த ஒப்பீடு கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: நான்கில் உங்களுடையது எது?

வெளியிலும் உள்ளேயும் எண் -110ஐத் தாண்டிக் கீழே கிடந்தால் முதல் கோளாறு, டவர் தூரம். வெளியே நன்றாக இருந்து உள்ளே விழுந்தால் அதுவும் முதல் கோளாறுதான், ஆனால் குற்றவாளி கட்டடம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்துத்தான் பின்னால் செலவு செய்வதா வேண்டாமா என்பதே முடிவாகும்.

முதல் கோளாறுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. எதிர்ப்பக்கம் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, நீங்கள் பேசுவது அவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்கிறது. டவர் பல வாட் சக்தியில் அனுப்புகிறது. உங்கள் போன் 4ஜியில் வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாட்தான் அனுப்ப முடியும். அதனால் எல்லையில் இருக்கும்போது முதலில் செத்துப்போவது உங்கள் குரல்தான். டவரை எட்டிப்பிடிக்கப் போன் முழு பலத்தையும் போடும். போன் சுடும், பேட்டரி மளமளவென்று இறங்கும். பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவதற்கு முன் ஆர்எஸ்ஆர்பி எண்ணை ஒருமுறை பாருங்கள்.

ஆர்எஸ்ஆர்பி -85 என்று அழகாக இருக்கிறது, எஸ்ஐஎன்ஆர் மட்டும் 2, 0, -3 என்று அலைகிறது என்றால் இரண்டாவது கோளாறு. உயரமான மாடிகளில் குடியிருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். டவரின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் பொருத்தப்படுகின்றன. மேலே இருப்பவருக்கு நாலைந்து டவர்கள் ஒரே அளவில் தெரியும். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போன் தாவிக்கொண்டே இருக்கும். இவர்கள் வீட்டுக்குள், எந்த டவர் மிகத் தெளிவோ அது இருக்கும் திசையின் ஜன்னலைப் பிடித்துக்கொள்வது நல்லது. மற்ற திசைகளைச் சுவர் மறைப்பது இங்கே உதவியாகவே அமையும்.

இரண்டு எண்களும் காலையிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் காலையில் பறக்கும் இணையம் இரவில் நகரவே மாட்டேன் என்கிறது என்றால் மூன்றாவது கோளாறு, நெரிசல். எஸ்ஐஎன்ஆர் இரவில் கொஞ்சம் இறங்குவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் இதை முழுமையாகத் தீர்க்க முடியாது. வைஃபைக்கு மாறுவது அல்லது நிறுவனத்தை மாற்றுவது, இரண்டுதான் வழி.

மழை வந்தால் டவர் போய்விடுகிறது என்பார்கள். நாம் பயன்படுத்தும் அலைவரிசைகளை மழைத்துளி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மின்சாரம் போய் டவரின் பேட்டரி தீர்ந்துபோவதும், ஒரு டவரை இன்னொன்றோடு இணைக்கும் மைக்ரோவேவ் இணைப்பு கனமழையில் திணறுவதும்தான் பெரும்பாலும் காரணம். அது தானாகச் சரியாகும். அதற்காகப் போனில் எதையும் மாற்றாதீர்கள்.

அதே இடத்தில், அதே நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு போனில் எல்லாம் சரியாக இருந்தால் நான்காவது கோளாறு.

நான்காம் படி: போன், சிம், செட்டிங்ஸ்

சிம்மை அந்த இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் சிம் பழசாகிவிட்டது, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் போன்தான். முதலில் கவரைக் கழற்றுங்கள். காரில் ஒட்டவைக்க உள்ளே செருகும் இரும்புத் தகடு, காந்தம் வைத்த கவர் இவையெல்லாம் ஆன்டெனாவை மறைக்கும். போன் கீழே விழுந்த பிறகோ டிஸ்பிளே மாற்றிய பிறகோ சிக்னல் குறைந்திருந்தால், உள்ளே ஆன்டெனாவின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பழுது பார்த்தவரிடமே 'ஆன்டெனா கனெக்டரைப் பாருங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள். வெளிநாட்டில் வாங்கிய போன் என்றால், உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் பேண்டுகள் அந்த மாடலில் இருக்கின்றனவா என்று தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் சரிபாருங்கள். தாழ்ந்த அலைவரிசை பேண்ட் ஒன்று இல்லாவிட்டால்கூட வீட்டுக்குள் தவிப்பீர்கள்.

அடுத்து வோல்டிஇ (VoLTE), அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி. இது ஆஃபில் இருந்தால், அழைப்பு வரும்போதெல்லாம் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கித்தான் பேச வேண்டும். அந்தப் பழைய சேவை உங்கள் இடத்தில் பலவீனமாக இருந்தால் 4ஜி முழுசாக இருந்தும் அழைப்பு வந்து சேராது. பல நாடுகளில் 3ஜி மூடப்பட்டுவிட்டது. சில நாடுகளில் 2ஜியும்கூட. செட்டிங்ஸில் வோல்டிஇ ஆன் ஆகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

5ஜி உள்ள போனில் அடையாளம் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினால், சில நாள் 4ஜி மட்டும் என்று வைத்துப் பாருங்கள். பல இடங்களில் 5ஜி இன்னும் 4ஜியின் தோளில் ஏறித்தான் ஓடுகிறது; ஓரத்தில் இருக்கும்போது இந்தத் தாவலே அழைப்பை அறுக்கும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நிம்மதி கிடைக்கும்.

இரண்டு சிம் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல போன்களில் இரண்டு சிம்மும் ஒரே ரேடியோவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்குக் கூப்பிடுபவருக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். டவரைத் திட்டிக்கொண்டிருப்போம், டவருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இரண்டாவது எண் கிடைக்காதபோது அதற்கு வரும் அழைப்பு முதல் எண்ணுக்குப் போகும்படி கால் ஃபார்வேர்டிங் போட்டுவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். இதைச் செய்தால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள் அழிந்துவிடும். எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: வைஃபை காலிங்

வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருந்தால் இந்த ஒரு படியே பாதிப் பேரின் கஷ்டத்தைத் தீர்த்துவிடும். இத்தனை வருடமாக இருந்தும் பலர் இதைத் தொட்டுக்கூடப் பார்க்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இது வாட்ஸ்அப் அழைப்பு அல்ல. உங்கள் வழக்கமான எண், வழக்கமான அழைப்பு; டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாக நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் எந்த ஆப்பும் தேவையில்லை, சாதாரண லேண்ட்லைனாகவும் இருக்கலாம். பல நிறுவனங்களில் எஸ்எம்எஸ்ஸும் இதே வழியில் வந்துவிடும் என்பதால் ஓடிபி தொல்லையும் ஓயும்.

சிம் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். 'வைஃபைக்கு முன்னுரிமை' என்ற தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் போன் -118இல் கிடக்கும் டவரையே விடாமல் பிடித்துக்கொண்டு வைஃபைக்கு மாற மறுக்கும். அப்படிப் பிடிவாதம் பிடித்தால், ஏரோபிளேன் மோடை ஆன் செய்து, அதன் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். டவரைத் தேட வழியில்லாததால் போன் வைஃபையில்தான் பேசும். பேட்டரியும் மிஞ்சும். வெளியே கிளம்பும்போது ஏரோபிளேன் மோடை எடுத்துவிட மறக்காதீர்கள்.

இதற்கு வேகம் பெரிதாக வேண்டாம். ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட்டுக்குள்தான் செலவாகும். சீராக ஓடும் இணைப்பு இருந்தால் போதும். குரல் உடைந்தால் ரவுட்டரிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடித்த சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டிவிடும். அலுவலகத்தின் அல்லது விடுதியின் வைஃபையில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அங்கே யுடிபி 500, 4500 என்ற போர்ட்டுகளை அடைத்திருக்கக்கூடும். அதைப் பராமரிப்பவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

ஆறாம் படி: கருவி வாங்கலாமா?

பிராட்பேண்ட் இல்லை, ஜன்னல் ஓரத்தில் மட்டும் சிக்னல் நன்றாக இருக்கிறது என்றால், சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் ஒன்றை அந்த ஜன்னலிலேயே வைத்து, அதன் வைஃபையில் ஐந்தாம் படியைச் செய்வது நல்ல யோசனை. வெளி ஆன்டெனா பொருத்தும் வசதி உள்ள ரவுட்டராக இருந்தால் இன்னும் உத்தமம்.

பூஸ்டர் பற்றி எச்சரிக்கையோடு சொல்கிறேன். வெளியே ஓர் ஆன்டெனா, நடுவில் பெருக்கி, உள்ளே ஓர் ஆன்டெனா, இதுதான் அதன் அமைப்பு. வெளியே நல்ல சிக்னல் இருந்து உள்ளே வராத வீட்டுக்குத்தான் இது பொருந்தும். வெளியிலேயே குழம்பிய சிக்னல் என்றால் அது குழப்பத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். இரண்டு ஆன்டெனாவும் அருகருகே இருந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் நெருங்கியதும் கீச்சிடுவது போல அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு டவரையே முடக்கும். சுற்றியுள்ள அத்தனை பேரின் அழைப்பும் அறுபடும். அதனால்தான் பல நாடுகளில் அனுமதியில்லாமல் வைப்பது குற்றம். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட கருவியை மட்டும் வாங்குங்கள். போனின் பின்னால் ஒட்டினால் சிக்னல் கூடும் என்று விற்கும் ஸ்டிக்கர்கள் எதுவும் செய்யாது.

வெளியில் மாட்டிக்கொண்டால்

எஸ்எம்எஸ்ஸுக்கு மிகக் குறைந்த சிக்னல் போதும். பேச முடியாத இடத்திலும் அது பல சமயம் போய்ச் சேரும். 'வந்துவிட்டேன்', 'உதவி வேண்டும், இந்த இடம்' என்று சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். போனைப் பையிலிருந்து எடுத்து மேடான, திறந்த இடத்தில் வையுங்கள். சிக்னலே இல்லாத நீண்ட பாதை என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். உங்கள் நிறுவனம் அங்கே இல்லை, வேறொரு நிறுவனத்தின் டவர் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அவசர எண்ணை அழுத்தினால் போன் அந்த டவர் வழியாக முயலும். 112 என்ற எண் உலகின் பெரும்பாலான போன்களுக்கு அவசர எண்ணாகத் தெரியும்.

ஏழாம் படி: புகார், அப்புறம் மாற்றம்

'சிக்னல் வரவில்லை' என்று மட்டும் சொன்னால், போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்களிடம் இப்போது தாள் இருக்கிறது. இடம், தேதி, நேரம், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், செல் அடையாள எண் (சோதனைப் பக்கத்தில் Cell ID என்று இருக்கும், எந்த டவர் என்பதைச் சொல்லும்), 'வேறு போனிலும் இதே நிலை, சிம் மாற்றியும் இதே நிலை' என்ற வரி, கூடவே ஸ்கிரீன்ஷாட். இவற்றை எழுத்தில் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தவரும் தனித்தனியாக அதே இடத்தைக் குறிப்பிட்டுப் புகார் செய்தால், அது ஒருவரின் போன் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. குறிப்பிட்ட நாளுக்குள் பதில் இல்லை என்றால் அந்தப் புகார் எண்ணோடு உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின் முறையீட்டு வழிக்குப் போங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மாறிவிடுங்கள். ஆனால் இருக்கும் எண்ணை மற்ற நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுப்பதற்கு முன், அந்த நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றையோ இசிம்மையோ தற்காலிகமாக வாங்கி, அதே தாளில், அதே இடங்களில், காலையிலும் இரவிலும் அளவு எடுங்கள். அக்கம்பக்கத்தில் 'எங்களுக்கு நல்லா கிடைக்குது' என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அவர்கள் ஜன்னல் வேறு திசையைப் பார்த்திருக்கலாம். நீங்கள் தூங்கும் கட்டிலில் இரவு ஒன்பது மணிக்கு -105ஐவிட நல்ல எண்ணும், 10ஐ ஒட்டிய எஸ்ஐஎன்ஆரும் வந்தால் தாராளமாக மாறலாம்.